கேரட்டின் நிறமும் கண்ணின் வெளிச்சமும்

(கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் பொதுமக்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் குளிரிலும் காட்டு வேலை முடிந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைக் காக்க வைக்காமல் நேராக ஒரு கேள்விக்கு வருகிறேன்.

பிடுங்கிய கேரட் குவிந்து கிடக்கிறது. பக்கத்திலேயே அதன் தழையும் கிடக்கிறது. பிற்பகல் நான்கு மணிக்கு எது பளிச்சென்று கண்ணில் படும்? கேரட்தான். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிய பிறகு, விளக்குப் போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில், அதே குவியலை மறுபடி பாருங்கள். கேரட் கறுத்துப் போயிருக்கும். தழை வெளிறிய சாம்பலாக, கேரட்டைவிட எடுப்பாகத் தெரியும். இரண்டு மணி நேரத்தில் கேரட்டுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. பகலில் அதைப் பார்த்த செல்கள் வேறு, அந்தியில் பார்க்கிற செல்கள் வேறு. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விடியற்காலைப் பூக்களில் இதைக் கவனித்து எழுதினார். அவர் பெயராலேயே இன்றும் இது வழங்கப்படுகிறது. நாம் கேரட்டை வைத்துக்கொண்டு அதே இடத்திலிருந்து தொடங்குவோம்.

முதலில் வெளிச்சம். சூரியனிலிருந்து வரும் அலைகளில் மிகச் சிறிய பகுதிதான் நம் கண்ணுக்கு எட்டும். ஏறத்தாழ 380 நானோமீட்டர் ஊதாவில் தொடங்கி 750 நானோமீட்டர் சிவப்பில் அது முடிந்துவிடுகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தைப் பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து 1899-ல் இங்கே மாற்றப்பட்டது. அங்கே 1904 முதல் 2007 வரை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, கால்சியம் உமிழும் 393.4 நானோமீட்டர் ஒளியில் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஒளி நம் பார்வையின் விளிம்பில் இருக்கிறது. கண்ணால் அதை அரைகுறையாகத்தான் உணர முடியும். படத்தகட்டுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

நம் கண்ணுக்கு எட்டாதது எந்தக் கண்ணுக்கும் எட்டாது என்று நினைத்துவிடக் கூடாது. 2018-ல் இந்த மலைகளில் குறிஞ்சி பூத்தபோது, நாம் பார்த்தது நீலச் சரிவை. அதே பூவுக்கு வந்த தேனீக்குப் புறஊதா தெரியும், சிவப்புத் தெரியாது. ஒரே பூ, ஒரே வெயில். அதற்கும் நமக்கும் காட்சி வேறு. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2030-ல் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி கண்ணுக்குள் போவோம். கருவிழியும் லென்சும் ஒளியைக் குவித்துப் பின்புறம் இருக்கும் விழித்திரையில் விழச் செய்கின்றன. அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அங்கே ஒளியைப் பிடிக்க ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும் அல்லவா? 1876-ல் ஃபிரான்ஸ் பால் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் தவளையின் விழித்திரை செந்நிறமாக இருப்பதையும், வெளிச்சம் பட்டதும் அந்த நிறம் வெளுத்துப் போவதையும் கண்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஹைடல்பெர்க் நகரில் வில்ஹெல்ம் கூனே அதை எடுத்துக்கொண்டு இன்னும் தூரம் போனார்.

இந்த ஊரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே முயல்களும் வளர்க்கிறார்கள். எனவே கூனே செய்ததை உங்களுக்குச் சொன்னால் மனதில் நிற்கும். ஒரு முயலைச் சிறிது நேரம் இருட்டில் வைத்தார். பிறகு கம்பிகள் போட்ட சன்னலுக்கு எதிரே அதன் தலையை அசையாமல் பிடித்து மூன்று நிமிடம் பார்க்க வைத்தார். உடனே அதைக் கொன்று, கண்ணை எடுத்து, விழித்திரையைப் படிகாரக் கரைசலில் ஊறப் போட்டார். மறுநாள் எடுத்துப் பார்த்தால், அந்த விழித்திரையில் சன்னல் இருந்தது. வெளிச்சம் பட்ட இடங்கள் வெளுத்தும், கம்பி மறைத்த இடங்கள் செந்நிறமாகவும் இருந்தன. கொடுமையான சோதனைதான். இன்று அப்படிச் செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள். ஆனால் பார்வை என்பது ஒரு வேதிப்பொருள் மாறுவதில் தொடங்குகிறது என்று அது கண்ணெதிரே காட்டிவிட்டது. அந்தப் பொருளுக்கு இன்று ரோடாப்சின் என்று பெயர்.

நம் ஒவ்வொரு கண்ணிலும் ஒளியைப் பிடிக்கும் சுமார் 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. ரோடாப்சின் இருப்பது குச்சி செல்களில். ரோடாப்சினுக்குள்ளே ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு வளைந்த நிலையில் பொருத்தப்பட்டிருக்கிறது. ஒளியின் ஒரே ஒரு துகள், அதாவது ஒரு ஃபோட்டான், அதன்மேல் பட்டால் அது நிமிர்ந்துகொள்ளும். ஒளி செய்யும் வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் செல்லின் வேலை. நிமிர்ந்த மூலக்கூறு தன்னைச் சுற்றியுள்ள புரதத்தைத் தூண்டும். அது பல நூறு வாயில்களை மூட வைக்கும். இருட்டில் அந்த வாயில்கள் வழியாக ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவுதான் மூளைக்குப் போகும் செய்தி. விளக்கைப் போட்டதும் நம் கண்ணில் மின்சாரம் ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். இருட்டில்தான் இந்தச் செல்லில் மின்னோட்டம் அதிகம்.

இந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது தெரியுமா? 1942-ல் அமெரிக்காவில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்ற மூவர் முழு இருட்டில் ஆட்களை உட்கார வைத்து மிக மங்கலான ஒளிக்கீற்றைக் காட்டிப் பார்த்தார்கள். விழித்திரையில் 5 முதல் 14 ஃபோட்டான்கள் உறிஞ்சப்பட்டாலே மனிதன் 'பார்த்தேன்' என்று சொல்கிறான் என்பது அவர்கள் கணக்கு.

இவ்வளவு நுட்பத்துக்கு ஒரு விலை உண்டு. பலத்த வெளிச்சத்தில் ரோடாப்சின் வெளுத்துப் போகும். மறுபடி சேர 20 முதல் 30 நிமிடம் ஆகும். ராத்திரி கரண்ட் போனால் முதலில் ஒன்றும் தெரியாமல், அரை மணி நேரத்தில் முற்றம், வேலி, மாட்டுக்கொட்டகை எல்லாம் தெரிய ஆரம்பிப்பது இதனால்தான். அந்த நேரத்தில் கைபேசி விளக்கை ஒரு முறை கண்ணுக்கு நேரே அடித்தால், மறுபடி முதலிலிருந்து. காட்டுமாடு நடமாடும் பாதையில் போகிறவர்கள் டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடியுங்கள். உங்கள் கண் உங்களுக்கு மிச்சமாகும். காட்டுமாட்டின் கண் ஜீப் வெளிச்சத்தில் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. முதல் தடவை தப்பிய ஒளியை இரண்டாம் தடவை பிடிப்பதற்காக. செம்மறிக்கும் அது உண்டு. நமக்கு இல்லை.

இப்போது கேரட்டுக்குத் திரும்புவோம். குச்சி செல்லுக்கு 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை ஒளி நன்றாகத் தெரியும். சிவப்பும் செம்மஞ்சளும் வரும் பகுதியில் அது ஏறக்குறைய குருடு. அந்தியில் கூம்புகள் ஓய்ந்து குச்சிகள் பொறுப்பேற்கின்றன. கேரட்டின் ஒளி அவற்றைத் தொடுவதில்லை. தழையின் பச்சை ஓரளவு தொடுகிறது. எனவே கேரட் கறுக்கிறது, தழை வெளிறித் தெரிகிறது. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் கேரட் அதோடு நம்மை விடுவதில்லை. அது ஏன் செம்மஞ்சளாக இருக்கிறது? பீட்டா கரோட்டின் என்ற பொருளால். நீல ஒளியை அது விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது. 1831-லேயே கேரட்டிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். நாற்பது கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட மூலக்கூறு. நாம் சாப்பிட்டதும் உடல் அதை நடுவில் வெட்டுகிறது. இருபது இருபதாக இரண்டு துண்டு. அந்தத் துண்டுதான் ரெட்டினால், சற்று முன் சொன்ன, ஒளி பட்டதும் நிமிரும் அதே மூலக்கூறு. அதன் உறவுப் பொருள்களையும் சேர்த்துத்தான் வைட்டமின் ஏ என்கிறோம். 1933-ல் ஜார்ஜ் வால்ட் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்தார். 1967-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உங்கள் நிலத்தில் விளையும் கிழங்குக்கு நிறம் தரும் பொருளில் சரிபாதிதான் உங்கள் பிள்ளையின் கண்ணில் ஒளியைப் பிடிக்கிறது.

அது குறைந்தால் என்ன ஆகும்? வெளுத்த ரோடாப்சின் மறுபடி சேராது. பகலில் ஓடி விளையாடும் பிள்ளை விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்படியில் தடுக்கி விழும், தட்டில் இருப்பதைத் தடவிப் பார்க்கும். மாலைக்கண் என்று நம் பாட்டிமார் இதைத்தான் சொன்னார்கள். அங்கேயே கவனிக்காவிட்டால் வெள்ளை விழி வறண்டு, சோப்பு நுரைபோல் புள்ளி விழுந்து, கடைசியில் கருவிழி கரைந்து பார்வை போய்விடும்.

பார்வை போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இங்கிருந்து கீழே இறங்கினால் மதுரை. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி வட்டாரக் கிராமங்களில் 15,419 குழந்தைகளை வைத்து ஓராண்டு ஆய்வு நடத்தினார்கள். ஒரு பாதிக் குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்டது. 1990-ல் முடிவு வெளியானது. அந்தக் குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணுக்கான சத்து என்று நாம் நினைத்தது உயிருக்கான சத்தாகவும் இருந்தது. குடலும் நுரையீரலும் தொற்றை எதிர்ப்பதற்கும் அது வேண்டும். உலகம் முழுதும் மேற்கோள் காட்டப்படும் இந்த ஆய்வு நம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தது என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம்.

இனி நிறத்துக்கு வருவோம். நிறம் பார்ப்பவை கூம்பு செல்கள். அவை மூன்று வகை. ஒரு வகைக்கு 420 நானோமீட்டரை ஒட்டிய ஊதாநீலம் மிகவும் பிடிக்கும். இன்னொன்றுக்கு 534 அருகே பச்சை. மூன்றாவதுக்கு 564 அருகே. சிவப்புக் கூம்பு என்று புத்தகங்களில் படிக்கும் மூன்றாவதன் உச்சம் உண்மையில் மஞ்சள் கலந்த பச்சையில்தான் இருக்கிறது.

மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஒரு கூம்புக்குத் தனியாக எந்த நிறமும் தெரியாது. எடை மெஷின் ஐந்து கிலோ என்று காட்டும், மேலே இருப்பது கேரட்டா பூண்டா என்று சொல்லாது. கூம்பும் அப்படித்தான். எத்தனை ஃபோட்டானைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லும். பச்சைக் கூம்பு ஓரளவு துடித்தால், அது மங்கலான பச்சை ஒளியாகவும் இருக்கலாம், பலமான சிவப்பு ஒளியாகவும் இருக்கலாம். மூன்று வகைக் கூம்புகளின் கணக்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால்தான் நிறம் பிறக்கிறது. அந்த ஒப்பீடு விழித்திரையின் நரம்பு செல்களிலேயே தொடங்கிவிடுகிறது. சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே மஞ்சள் என்று அவை கணக்குப் போடுகின்றன. நிறத்தைத் தீர்த்துச் சொல்வது மூளை.

இதை இப்போதே சோதிக்கலாம். மேடைக்குப் பின்னால் தொங்கும் சிவப்புத் துணியில் ஓர் இடத்தை, கண்ணை அசைக்காமல், அரை நிமிடம் பாருங்கள். இப்போது பக்கத்துச் சுவரின் சுண்ணாம்பைப் பாருங்கள். என்ன தெரிகிறது? நீலப்பச்சை என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி சொல்கிறார். சரிதான். சிவப்பைப் பார்த்துக் களைத்த கூம்புகள் சுவரின் வெள்ளையைப் பார்க்கும்போது குறைவாகக் கணக்குக் கொடுக்கின்றன. ஒப்பீடு மறுபக்கம் சாய்கிறது. சுவரில் இல்லாத நிறம் உங்களுக்குத் தெரிகிறது.

இப்படிப்பட்ட சோதனைகளை முதிய வயதில் விடாமல் செய்த ஒரு தமிழர் இருந்தார். 1888-ல் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன். ஒளிச்சிதறலுக்காக 1930-ல் நோபல் பரிசு வாங்கியவர். எண்பதை எட்டும் வயதில், பெங்களூரில், பூக்களின் நிறத்தையும் கண்ணின் வேலையையும் ஆராய்ந்து, 1968-ல் பார்வையின் உடலியங்கியல் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். நிறக் கண்ணாடி வழியாக வெளிச்சமான திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சட்டென்று விலக்குவார். அப்போது திரையில் தோன்றுவதைத் தன் விழித்திரையின் படமாகவே எடுத்துக்கொண்டு படிப்பார். அவருக்குக் கருவி அவருடைய கண்தான்.

ஆனால் மூன்று கூம்புக் கொள்கையை ராமன் ஏற்கவில்லை. 1802-ல் தாமஸ் யங் சொல்லி, பின்னர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வளர்த்த அந்தக் கொள்கையை அவர் கடுமையாக எதிர்த்தார். அவர் எதிர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1964-ல், அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒற்றைக் கூம்பு செல்லின் வழியே நுண்ணிய ஒளிக்கற்றையைச் செலுத்தி, அது எந்த அலைநீளத்தை விழுங்குகிறது என்று அளந்துவிட்டன. மூன்று வகைதான் வந்தன. 1986-ல் அவற்றின் மரபணுக்களும் கிடைத்தன. இந்த விஷயத்தில் ராமன் பக்கம் தீர்ப்பு வரவில்லை. நம் ஊர்க்காரர் என்பதற்காக நாம் அதை மறைக்க வேண்டியதில்லை. நோபல் பரிசு பெற்றவர் சொன்னாலும் அளந்து பார்த்துத்தான் ஏற்பது அறிவியலின் வழக்கம். அதே சமயம், பூவையும் தன் கண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு எண்பது வயதில் கேள்வி கேட்ட அவருடைய ஆர்வத்தில் பாதியாவது நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

மூன்று கூம்பு எல்லா உயிர்களுக்கும் இல்லை. சாலையோரக் குரங்குக்கு நம்மைப் போல மூன்று. செம்மறிக்கு இரண்டு. மாட்டுக்கும் இரண்டு. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனால் மாடு முட்டும் என்று சொல்வார்கள். சிவப்பை அது நம்மைப் போலப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அதைக் கிளப்புவது அசைவும் நெருக்கமும்தான். எனவே காட்டுமாட்டுக்கு முன்னால் எந்த நிறச் சட்டையோடும் ஓடாதீர்கள், விலகி நில்லுங்கள்.

சில பிள்ளைகளுக்கும் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரிவதில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்தக் குறை உண்டு. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. பெண்களுக்கு மிக அரிது. காரணம், இதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு அது ஒன்றுதான். அம்மாவுக்குப் பார்வை சரியாக இருக்கும், அவர் வழியாக மகனுக்கு வந்துவிடும். இதில் யார்மீதும் பழி இல்லை.

இந்த ஊரில் அது எப்படித் தெரியவரும்? பிளம்ஸ் மரத்தில் பழுத்ததை மட்டும் பறி என்றால் காயையும் சேர்த்துப் பறித்து வரும் பையனைப் பாருங்கள். படத்தில் மரத்தண்டுக்குப் பச்சையும் இலைக்குப் பழுப்பும் தீட்டும் மாணவனைப் பாருங்கள். அவன் கவனமில்லாதவன் என்று அடி வாங்குகிறான். அவன் கண்ணில் அந்த இரண்டும் ஒன்றாக விழுவது அவனுக்கே தெரியாது. ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட புள்ளி எண் அட்டைகள் எந்தக் கண் மருத்துவரிடமும் இருக்கும். ஐந்து நிமிட வேலை.

குறை இருக்கிறது என்று தெரிந்தால் வாழ்க்கை முடிந்துவிடாது. 2020-ல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, லேசான, நடுத்தர நிறக்குறை உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்றது. 2022-ல், நிறக்குறை உள்ள ஒருவருக்குப் படத்தொகுப்புப் படிப்பில் இடம் மறுத்த வழக்கில், அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு புணே திரைப்படக் கல்லூரிக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் ரயில் ஓட்டுநர், விமானி போன்ற வேலைகளுக்கு இன்றும் நிறப்பார்வை கட்டாயம். அதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து மருத்துவச் சோதனையில் தெரிந்துகொள்வதைவிட ஆறாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முடிக்கும் முன் உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

தாய்மார்களுக்கு ஒன்று. குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு தொடங்கி ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஒன்பது தவணை வைட்டமின் ஏ சொட்டு அரசு இலவசமாகக் கொடுக்கிறது. கிராம செவிலியரிடம் அட்டையைக் காட்டி, எந்தத் தவணை விட்டுப்போயிருக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடக்கும்போது தூரப்பார்வையோடு நிறப்பார்வையையும் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் பார்ப்பதில்லை.

விவசாயிகளுக்கு ஒன்று. கழுவி மூட்டை கட்டி மதுரைக்கும் சென்னைக்கும் லாரியில் ஏற்றும் கேரட்டில் கொஞ்சம் உங்கள் அடுப்பங்கரைக்கும் போகட்டும். பச்சையாகக் கடிப்பதைவிட, கொஞ்சம் எண்ணெய் விட்டு, தேங்காய் போட்டுப் பொரியலாகச் செய்தால் கரோட்டின் நன்றாக உடலில் சேரும். அதற்குக் கொழுப்பு வேண்டும். முருங்கைக்கீரையும் பப்பாளியும் அதே வேலையைச் செய்யும். கிலோ கணக்கில் தின்றால் கண்ணாடி கழன்றுவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள், அது நடக்காது. ஆனால் ஊருக்கே கேரட் விளைவித்துக் கொடுக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்குக்கூட மாலைக்கண் வரக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.